இறக்கி வைத்த மூட்டைகள்

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடிக்குப் பக்கத்தில் புதுவயலில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வாடகை வீட்டின் பின்னறையும் ஒரு ரைஸ் மில்லின் குடோனும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. புதுவயலில் மில்லுக்குப் பக்கத்தில் இல்லாத வீடு கிடைப்பதே கஷ்டம். ஆனால் எங்கள் பக்கத்து மில் அண்ணன் தம்பி தகராறில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. மில் சத்தம் இல்லாத வீடு என்று சொல்லித்தான் தரகர் அதை எங்கள் தலையில் கட்டினார்.

நான் காரைக்குடியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. காலையில் டவுன் பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்புவேன். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் முதலில் எனக்குக் கோபம்தான் வரும். சொன்னால் புரியாது என்று நினைத்தல்ல. நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர்கள் கல்யாணப் பேச்சுக்குத் தாவிவிடுவார்கள், அதனால். அம்மாவுக்கு மட்டும் ஒருநாள் பொறுமையாகச் சொன்னேன்.

ஒரு கல்லுக்குள்ளே போய்ப் பார்க்க முடிந்தால் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்பது தெரியும். ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதை ஸ்பிரிங் போட்டுக் கட்டியதுபோல் பிடித்திருக்கும். ஒன்று ஆடினால் அடுத்ததும் ஆடும், அதற்கடுத்ததும் ஆடும். மேஜையின் ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் காதை வைத்தவருக்குக் கேட்பது இதனால்தான். கருங்கல் தரை வெயிலில் காய்ந்து அந்தச் சூடு உள்ளே இறங்குவதும் இந்த ஆட்டத்தால்தான். இந்த ஆட்டத்தை நம் இஷ்டத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதுதான் வேடிக்கை. பொட்டலம் பொட்டலமாகத்தான் அது கூடும், குறையும். ஒரு பொட்டலம் உண்டு, இரண்டு உண்டு, ஒன்றரை கிடையாது. ஒளியின் பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். திடப்பொருளுக்குள் ஓடும் இந்த அதிர்வின் பொட்டலத்துக்கு ஃபோனான் என்று பெயர்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சத்தத்தைப் பொட்டலம் கட்டுறதுக்கா இம்புட்டு வருசம் படிக்கிறே?"

அந்தப் பொட்டலங்களை அளக்க வேண்டுமென்றால் குறையில்லாத ஒரு படிகம் வேண்டும். விரல் நீளத்துக்கு, கண்ணாடிபோல் தெளிவாக, உள்ளே ஒரு கீறலோ புகையோ இல்லாமல். அதை நாம்தான் வளர்க்க வேண்டும். ஒருவகை உப்பைச் சுடுதண்ணீரில் அதற்கு மேல் கரையாது என்கிற வரை கரைத்து, அதில் கடுகளவு படிகத்தை விதையாக நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சூட்டை நாளுக்கு நாள் இம்மி இம்மியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், கரைந்த உப்பு அந்த விதைமேல் வந்து ஒட்டி வளரும். பம்பாயில் ஓர் ஆய்வு மையத்தில் நியூட்ரான்களை அதன்மேல் பாய்ச்சி உள்ளே ஓடும் ஃபோனான்களைக் கணக்கிட்டுத் தருவார்கள். அங்கே எனக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். அதை விட்டால் அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. என் உதவித்தொகையும் அந்த வருடத்தோடு முடிகிறது. சுருக்கமாகச் சொன்னால், படிகம் இல்லையென்றால் பட்டம் இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் துறைக் கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி எழுப்ப ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே நான் வளர்த்த இரண்டு படிகங்கள் அந்த இடியிலேயே பாழாகிவிட்டன. அளவுக்கு மேல் உப்பைச் சுமந்திருக்கும் கரைசல் ஒரு தொட்டாற்சிணுங்கி. ஒரு நல்ல அதிர்ச்சி கொடுத்தால் போதும், தொட்டியின் அடியில் நூறு குட்டிப் படிகங்கள் கிளம்பிவிடும். தாய்ப் படிகத்துக்கு வரவேண்டிய உப்பையெல்லாம் அவை தின்றுவிடும். என் கைடு யோசித்துவிட்டு, உன் வீடு அமைதியாக இருக்குமே, தொட்டியை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள் என்றார். ஹீட்டர், தெர்மாமீட்டர், கண்ணாடித் தொட்டி எல்லாம் ஆட்டோவில் புதுவயலுக்கு வந்து எங்கள் பின்னறையில் இடம் பிடித்தன. கரண்ட் போனால் சூடு இறங்காமல் இருக்க அம்மா தன் பழைய போர்வையைத் தொட்டிக்குச் சுற்றிவிட்டார். அந்தக் கல்லுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைச் சாப்பாட்டில் காட்டினால் நான் இன்னும் கொஞ்சம் சதை போடுவேன் என்பது அவருடைய அன்றாட ஏச்சு.

படிகம் நன்றாக வளர்ந்தது. கடுகு உளுந்தாகி, உளுந்து புளியங்கொட்டையாகி, நாலு முனையும் தீட்டியதுபோல் நின்றது. காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் போய்ப் பார்ப்பேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் "தொப்" என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. வீடே குலுங்குவது போலிருந்தது. வெளியே ஓடிப் பார்த்தால் மில் வாசலில் லாரி நிற்கிறது. அண்ணன் தம்பி தகராறு தீர்ந்து, மில்லை ஒருவர் குத்தகைக்கு எடுத்துத் திறந்திருக்கிறார். மத்தியானம் நெல்லின் உமியை நீக்கும் ஹல்லரும் ஓட ஆரம்பித்தது.

சாயங்காலம் தொட்டியைப் பார்த்தேன். அடியில் சீனித்துகள் மாதிரி நாலைந்து புள்ளிகள். சூட்டை ஒரு டிகிரி ஏற்றினால் அந்தத் துகள்கள் கரைந்துவிடும், ஆனால் படிகமும் கொஞ்சம் கரையும். வேறு வழியில்லை, ஏற்றினேன். ஒரு வாரம் வளர்ந்தது கண்ணெதிரே கரைந்து போனது.

மறுநாள் காலையில் சண்டைக்குப் போனேன். அப்பா, நானும் வருகிறேன் என்று சட்டையைத் தேடினார். நான் காத்திருக்கவில்லை. மில்லுக்குள் ஹல்லர் போட்ட சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. குத்தகைக்காரர் ஐம்பது வயதுக்காரர், தலைமுடியெல்லாம் தவிடு. கையைக் காட்டி என்னைக் களத்துக்கு அழைத்து வந்து, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வாத்தியார் மகதானே? உக்காருங்க. என்ன, சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

உட்கார மாட்டேன் என்று நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். படிகம், பம்பாய், பட்டம், ஃபோனான் வரைக்கும். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், படிகம் வளர்ந்து முடிய இன்னும் மூன்று வாரம் ஆகும், அதுவரை மில்லை நிறுத்தி வையுங்கள் என்றேன். இப்போது நினைத்தால் எவ்வளவு பெரிய கேள்வி என்று புரிகிறது. அப்போது, இந்த மனுஷனுக்கு மூன்று வாரம் என்ன பெரிய விஷயம் என்றுதான் தோன்றியது.

அவர் களத்தைக் காட்டினார். ஒரு பக்கம் அவித்த நெல் ஆவி பறக்கக் கிடந்தது. பெண்கள் காலாலேயே கிளறிக்கொண்டிருந்தார்கள். "தொட்டியில வேற நெல்லு ஊறுது தாயி. ஊறுன நெல்லு ஒரு நாளு தப்பினா வாடை அடிச்சிரும். இத்தனை பேரு வேலைக்கு வந்திருக்காக. உங்க கல்லு வளரணும், சரி. இவுக அடுப்பு எரியணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

மூட்டைகளையாவது எங்கள் சுவரை ஒட்டிய குடோனில் போடாமல், களத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு குடோனில் போடக்கூடாதா என்று கேட்டேன். அந்தக் குடோனில் ஓடு பூராவும் போய்விட்டது, ஒரு மழைக்குத் தாங்காது என்றார். அவர் சொன்னதில் ஒன்றுகூட நியாயமில்லாததாக இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். வீட்டுக்கு வந்து பின்னறையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அழுது முடித்த பிறகுதான் எனக்குப் படித்தது ஞாபகம் வந்தது. அதிர்வைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், எந்த அதிர்வு என்று பார்க்காமலே சண்டைக்குப் போயிருக்கிறேன். ஜன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. அப்பாவின் ஷேவிங் கண்ணாடியைத் தொட்டி இருந்த மேஜையில் சாய்த்து வைத்தேன். கண்ணாடியில் பட்ட வெயில் எதிர்ச்சுவரில் ஒரு வட்டமாக விழுந்தது. மேஜை ஆடினால் வட்டமும் ஆடும். சின்ன ஆட்டத்தையும் சுவர் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

பகல் முழுதும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹல்லர் ஓடும்போது வட்டத்தின் ஓரம் லேசாக மங்கியது, அவ்வளவுதான். காதுக்கு அத்தனை தொல்லை கொடுத்த சத்தம் தொட்டியை அவ்வளவாகத் தொடவில்லை. ஆனால் குடோனில் மூட்டை விழுந்த ஒவ்வொரு முறையும் வட்டம் சாண் உயரம் எகிறிக் குதித்தது. மில் என் எதிரி இல்லை. மூட்டை விழுவதுதான்.

திரும்பவும் போனேன். இந்த முறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். மில் ஓடட்டும், மூட்டையை மட்டும் கீழே போடாமல் இறக்கி வைக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். குத்தகைக்காரர் நெற்றியைச் சொறிந்தார். "அது என் கையில இல்ல தாயி. தூக்குறது அவுக. அவுககிட்டத்தான் கேக்கணும்."

லோடுமேன்கள் லாரி நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களின் மேஸ்திரி நரைத்த மீசைக்காரர், தலையில் சிவப்புத் துண்டு. நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தைப் பார்த்தேன். தண்ணீருக்குள் கல் வளர்கிறது, அதற்குச் சத்தம் ஆகாது, அதை வைத்துச் சத்தத்தை அளக்கப்போகிறோம். எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நெல் கிளறிக்கொண்டிருந்த ஓர் அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "என்னத்தப்பா சிரிக்கிறீக? மாசமா இருக்குறவ வீட்டுல ஆணி அடிப்பீகளா? அதே மாதிரிதான் இது. உள்ள ஒண்ணு வளருது, அதிரக் கூடாதுங்குது அந்தப் புள்ள" என்றார்.

எங்கள் பக்கம் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள், இடிக்க மாட்டார்கள். விஞ்ஞானத்தின்படி அதற்கு என்ன அர்த்தமோ, எனக்குத் தெரியாது. ஆனால் நான் கால்மணி நேரம் விளக்கிப் புரியாதது, அந்த ஒரு வாக்கியத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிரித்தவர் பீடியைக் கீழே போட்டுத் தேய்த்தார். மேஸ்திரி மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. "பாப்போம்" என்றார். அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் பெரும்பாலும் முடியாது என்றுதான் அர்த்தம்.

மறுநாள் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த வெயில் வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வட்டம் அசையவில்லை. ரொம்ப நேரம் ஆகியும் அசையவில்லை. லாரி இன்னும் இறக்கவில்லை போல என்று நினைத்து வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். லாரி பாதி காலி.

மூட்டை இறக்குவதை அதற்கு முன் நான் நின்று பார்த்ததில்லை. வழக்கமாக லாரியிலிருந்து முதுகில் வாங்கி, ஓட்டமும் நடையுமாகக் குடோனுக்குள் போய், முதுகை ஒரு வெட்டு வெட்டினால் மூட்டை தரையில் விழும். அந்த வினாடியோடு அவர் சுமை தீர்ந்தது. கையை வீசிக்கொண்டு அடுத்ததற்கு வரலாம். அன்றைக்கு அப்படி இல்லை. சுமந்து வந்தவர் குடோனுக்குள் போய் மெல்ல மெல்ல முழங்காலை மடக்கிக் குந்தினார். பின்னால் இரண்டு பேர் மூட்டையின் காதைப் பிடித்து, மூன்று பேருமாகச் சேர்ந்து அதைத் தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் தரையில் வைத்தார்கள். எழுந்திருக்கும்போது சுமந்தவர் தொடையில் கையை ஊன்றித்தான் எழுந்தார். பிறகு அடுத்த மூட்டை. லாரி நிறைய மூட்டை.

என்னைப் பார்த்த மேஸ்திரி, "அங்குட்டு ஆடுதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அப்படியே மூன்று வாரத்துக்கு மேல் நடந்தது. இடையில் ஒரே ஒருநாள், வேறு மில்லிலிருந்து மாற்றாளாக வந்தவர் விஷயம் தெரியாமல் ஒரு மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டார். சுவரில் வட்டம் குதித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கேட்ட ஏச்சை இங்கே எழுத முடியாது. சற்று நேரத்தில் அந்த அக்காவே எங்கள் பின்வாசலுக்கு வந்து, "ஒண்ணும் ஆகலையே ஆத்தா?" என்று கேட்டார். தொட்டியின் அடியைத் துருவித் துருவிப் பார்த்தேன். ஒரு துகள்கூட இல்லை. நான் சொன்னதும் அவர் மில்லைப் பார்த்துக் கையை அசைத்தார். மதில்மேல் தெரிந்த தலைகள் எல்லாம் இறங்கிவிட்டன. யார் வேலையும் கெடாமல் யாரோ ஒருத்தியின் படிப்புக்காக அங்கே ஏழெட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

படிகத்தை வெளியே எடுக்கும் நாளில், சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். குத்தகைக்காரரும் வந்தார். கரைசலிலிருந்து மெல்லத் தூக்கி, எண்ணெயில் நனைத்து, பஞ்சில் வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் அதன் வழியே அப்படியே போனது. உள்ளே ஒரு குறை இல்லை. யாராவது தொட்டால் கைச்சூட்டிலேயே விரிசல் விட்டுவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மேஸ்திரி உடனே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். மாதா படத்துக்கு முன்னால் நிற்பவர்கள்போல் அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும், முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரி குனிந்தவர் நிமிரும்போது "ஸ்" என்றார். அப்போதுதான் கவனித்தேன், பின்னறை முழுக்கத் தைல வாடை. ஒருவர் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். இன்னொருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டேன். அந்த அக்காதான் போட்டு உடைத்தார். "எல்லாருக்கும் முட்டியும் இடுப்பும் போச்சு. வீட்டுக்கு வீடு ஒத்தடந்தான். போடுற மூட்டைய வச்சா அப்புடித்தான் இருக்கும்."

மேஸ்திரி அவரை முறைத்தார். "அதெல்லாம் நாலு நாளுல சரியாப் போகும். நீங்க பம்பாய்க்குப் பத்திரமாக் கொண்டுபோங்க" என்றார்.

படிகத்தை டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். அப்பா துணைக்கு வந்தார். வழியெல்லாம் தூங்கவில்லை. மடியில் இருந்ததால் மட்டுமல்ல. நான் படித்த படிப்பு என்னைக் குடைந்துகொண்டே வந்தது. ஆற்றல் எங்கேயும் காணாமல் போகாது, ஒன்று இங்கே இருக்கும், இல்லையென்றால் வேறெங்கோ போயிருக்கும். இதைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தாயிற்று. அப்படியானால் அந்த மூட்டைகள் விழுந்திருந்தால் தரைக்குள் இறங்கி, சுவர் ஏறி, என் தொட்டியை உலுக்கியிருக்க வேண்டிய அதிர்வெல்லாம் எங்கே போயிற்று? சுவரில் வட்டம் அசையாததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே தவிர, இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. தைல வாடைதான் பதில் சொன்னது.

பம்பாயில் வேலை நல்லபடியாக முடிந்தது. ஃபோனான்களின் கோடுகள் ஊசிமுனையாக வந்தன. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த வரைபடத்தைக் கொண்டுபோய் மில்லில் காட்டினேன். மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் சத்தம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒரு மேட்டைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் விரலையும் ஒரு முறை அதன்மேல் வைத்துப் பார்த்தார். இந்த முறை தடுக்க வேண்டியிருக்கவில்லை.

என் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்தக் கோடுகளிடம் வந்ததும் நின்றுவிட்டார். வீட்டில் வைத்து வளர்த்த படிகமா இது, பக்கத்தில் ரைஸ் மில் என்று வேறு எழுதியிருக்கிறாயே, அதிர்வுக்கு என்ன தடுப்புச் செய்தாய் என்று கேட்டார். அதிர்வைத் தடுக்கும் மேஜை, ரப்பர் மெத்தை, மணல் பெட்டி என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சொன்னேன்: "மூட்டையை இறக்கி வைத்தார்கள் சார்." கைடு என்னைப் பார்த்து, போதும் என்று கண்ணைக் காட்டினார். நான் அதற்கு மேல் சொல்லப் போனால் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் ஃபோனான் பாடம் வரும். ஒரு படிகத்துக்குள் பொட்டலம் பொட்டலமாக ஓடும் அதிர்வை எப்படி எண்ணுவது என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகை நிறைய எழுதிக் காட்டுகிறேன். எண்ண முடியாத ஒன்றும் உண்டு. என் படிகத்துக்கு வந்து சேராத அதிர்வை ஏழெட்டுப் பேர் தங்கள் முழங்காலிலும் இடுப்பிலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதை அளக்க எனக்கு இன்றைக்கும் ஒரு கருவி கிடைக்கவில்லை.